ஜொகூரில் ஒரு கிருமிச் சாயச் சேலை

ஊர் பார்க்கப் போனேன் என்று சொன்னால் அது பொய். ஒரு சேலையை வாங்கி, கொடுக்க வேண்டியவர்களிடம் கொடுத்துவிட்டு, என் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வரத்தான் நான் மலேசியா போனேன்.

என் மகள் தேன்மொழி ஜொகூர் பாருவில் சாயம் செய்கிற ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே அவளுக்குப் பேசியிருந்த காலம் முடிந்துவிட்டது. புதுக்கோட்டையில் ஒரு காலேஜில் அவளுக்குப் பாடம் எடுக்கிற வேலை தயாராக இருந்தது. கோடை லீவு முடிந்து காலேஜ் திறக்கிறதுக்குள் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். இவளோ போனில் கூப்பிடும்போதெல்லாம் ஒரே பாட்டு. "சோதனைக்குக் கட்டக் கொடுத்த சேலை எல்லாம் திரும்பி வந்துருச்சு ஆத்தா. ஒண்ணே ஒண்ணுதான் வரல. அது வந்தாத்தான் வேலை முடியும், நான் கிளம்ப முடியும்." யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், "பூ என்ன வெலைக்குப் போச்சு" என்று பேச்சை மாத்திவிடுவாள்.

ஒரு சேலைக்காக ஒரு வேலை கைவிட்டுப் போகுமா? கீரமங்கலத்தில் கமிஷன் கடைக்காரர்களிடம் பூ போட்டுப் போட்டு வாய் வளர்ந்தவள் நான். ஒரு பொம்பளையிடம் ஒரு சேலையைக் கேட்டு வாங்க முடியாதா? பையனிடம் கனகாம்பரக் கொல்லையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இதை நானேதான் எழுதுகிறேன். எங்கள் மாவட்டத்தில் பொம்பளைகளுக்கு எழுத்தும் சைக்கிளும் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்த காலத்தில் ரெண்டையும் கற்றுக்கொண்டவள். சைக்கிள் சீக்கிரம் வந்தது. எழுத்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மெள்ளத்தான் எழுதுவேன், நீங்களும் மெள்ள வாசியுங்கள்.

விமானத்தில் எனக்கு ஜன்னல் ஓரம். பக்கத்தில் அறந்தாங்கிப் பக்கத்துப் பையன், அங்கே சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போடுகிறவன். இடுப்பு வாரை அவன்தான் மாட்டிவிட்டான். "பயமா இருக்கா ஆத்தா" என்று கேட்டான். "திருச்சி பஸ்ல நின்னுக்கிட்டே வந்தவளுக்கு இதுல உக்காந்துக்கிட்டு என்னப்பா பயம்" என்றேன். உள்ளுக்குள் பயம்தான்.

கோலாலம்பூரில் இறங்கியதும் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். மேலே ஜெகதாப்பட்டினத்து நெத்திலிக் கருவாடு. அதிகாரி குனிந்து முகர்ந்தவர், சட்டென்று நிமிர்ந்து அந்தப் பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டார். அடியில் ஈரத்துணியில் சுற்றி, மகள் தலைக்கு வைக்கத் தொடுத்துக் கொண்டுவந்த கனகாம்பரம். அதைத்தான் எடுத்துக்கொண்டார். அவர் மலாயில் ஏதோ சொல்ல, பின்னால் நின்ற நம்ம ஆள் ஒருவர் எனக்குச் சொன்னார்: "பூ ரொம்ப அழகா இருக்காம்மா. ஆனா மண்ணும் பூச்சியும் நாட்டுக்குள்ள வந்துரும்னு சட்டமாம், குப்பையிலதான் போடணுமாம். மன்னிச்சுக்கச் சொல்றாரு." பூச்சி வருமாம். என் மகள் அதே நாட்டில் கிருமியை வளர்த்துச் சம்பளம் வாங்குகிறாள், அதை யார் கேட்கிறது.

வெளியே தேன்மொழி நின்றாள். இளைத்திருப்பாள் என்று நினைத்தேன். இல்லை, பூசினாற்போல இருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு என்னவோ போல் இருந்தது.

ஜொகூருக்குப் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் எண்ணெய்ப்பனைத் தோப்பு, முடிவே இல்லாமல். எங்கள் பக்கம் ஒரு கொல்லை நெல்லு, அடுத்தது கரும்பு, அதற்கு அடுத்தது மல்லிகை என்று மாறி மாறி வரும். இங்கே ஒரே மரத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் அசந்துவிட்டது. பஸ் நின்ற இடத்தில் நாசி லெமாக் என்று இலையில் மடித்த சோறு வாங்கிக் கொடுத்தாள். தேங்காய்ப்பாலில் பொங்கிய சோறு, மேலே காரமாக ஒரு துவையல், வறுத்த நெத்திலி. நெத்திலி நம்ம நெத்திலி மாதிரிதான், ஆனால் வெறும் பொரிப்பு. "எப்படி இருக்கு ஆத்தா?" என்றாள். "பசிக்கு ஆகும்" என்றேன். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை, அதை அவள் பார்த்துவிட்டாள்.

தேன்மொழி தங்கியிருப்பது என் கூடப்பிறந்த தங்கச்சி தனபாக்கியம் வீட்டில். கட்டிக்கொடுத்த காலத்திலேயே அந்த நாட்டுக்குப் போனவள். புருஷன் காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை. அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தாள். "ஒன் மக வெளிய எங்கயும் தங்க வேணாம்க்கா, எங்கிட்டயே இருக்கட்டும்" என்று அவள்தான் கேட்டாள். சொந்தத் தங்கச்சியாச்சே என்று நானும் சரி என்றேன்.

கதவைத் திறந்தவள் ஒரு ஊதாச் சேலை கட்டியிருந்தாள். ஊதா என்றால் டிசம்பர் பூ காலையில் விரிந்தவுடன் இருக்குமே, அந்த ஊதா. கரை கிடையாது, ஜரிகை கிடையாது. அந்த நிறத்தை வைத்துக்கொண்டு வேறு ஒன்றும் வேண்டியதில்லை.

"வாக்கா" என்று கட்டிப்பிடித்தாள். நான் சேலையைத்தான் தொட்டுப் பார்த்தேன். "நல்லாருக்கே, எங்க எடுத்த?"

"கடையில கெடைக்குமா இது? தேனு போட்ட சாயம்" என்றாள்.

எங்கள் பக்கம் பிள்ளை முதல் சம்பளம் வாங்கினால் ஆத்தாளுக்குச் சேலை எடுத்துக் கொடுக்கும். எனக்கும் எடுத்துக் கொடுத்தாள், பட்டுக்கரை வைத்தது, கடையில் வாங்கியது. ஆனால் அவள் கையால் செய்த சாயத்தில் நனைத்த சேலை என் தங்கச்சி மேல் கிடந்தது. கை கழுவுகிறேன் என்று போய்க் குழாயைத் திறந்து விட்டுக் கொஞ்சநேரம் நின்றேன்.

மறுநாள் காலையில் பார்த்தேன், அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. தேன்மொழிக்கு எந்தத் தம்ளரில் காப்பி, எத்தனை சூடு, தோசைக்கு எந்தச் சட்னி என்று தனத்துக்குத் தெரியும். நான் தேங்காய்ச் சட்னிக்குப் பொட்டுக்கடலை எடுத்தேன். "அக்கா, அவ இப்ப பொட்டுக்கடலை சேத்துக்கிறதில்ல, வயித்துல உப்புசம்" என்றாள். என் மகள் வயிற்றுச் சங்கதியை இன்னொருத்தி எனக்குச் சொல்கிறாள். கருவாட்டுக் குழம்பு வைத்தேன். தேன்மொழி ரெண்டு தடவை போட்டுக்கொண்டாள். நான் தனத்தின் முகத்தைப் பார்த்தேன். அவள், "உப்பு ஒரு கல்லு கூடிருச்சு, மத்தபடி அக்கா கை அக்கா கைதான் லா" என்றாள். இந்த 'லா' அங்கே எல்லாரும் பேச்சு முடிவில் போடுவது. அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயந்தரம் தேன்மொழியும் 'லா' போட்டாள்.

என்னை அவள் ஆத்தா என்கிறாள். தனத்தை அம்மா என்கிறாள். சின்னாத்தா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாளாம், ஆபீஸில் யாருக்கும் புரியவில்லை என்று அம்மா ஆக்கிவிட்டாளாம். இப்படி ஒரு காரணம்.

அதற்கு அடுத்த நாள் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். தனமும் அதே ஊதாச் சேலையில் கூடவே வந்தாள், "வழி தெரியாம போயிருவக்கா" என்று. எங்களுக்கு வெள்ளைக் கோட்டும் காலுக்கு உறையும் கொடுத்தார்கள். பெரிய அதிகாரி ரோஸ்னா என்கிற மலாய்க்காரி, தலையில் முக்காடு, சிரித்த முகம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. ரெண்டு பேரும் கும்பிட்டுக்கொண்டோம்.

ஒரு மேடையில் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக நின்று ஆடிக்கொண்டிருந்தன. மேடையே ஆடுகிறது. "தொட்டில் மாதிரில்ல இருக்கு" என்றேன்.

"ஆமா ஆத்தா. ஆட்டிக்கிட்டே இருந்தாத்தான் அதுகளுக்குக் காத்துக் கெடைக்கும்."

குடுவைக்குள் இருந்தது அன்னாசித் தோல் கழிவிலிருந்து எடுத்த சாறு. அந்த ஊரில் அன்னாசி அதிகம், ஆலைகள் தோலை வீசிவிடும். அந்தச் சாற்றில் மண்ணிலும் தண்ணீரிலும் தானாகக் கிடக்கிற ஒரு கிருமியை விடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமி. அது தின்று பெருகப் பெருகச் சாறு ஊதாவாகிவிடுகிறது. யாரும் சாயம் ஊற்றுவதில்லை, கிருமியே நிறம் போடுகிறது. நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"சூடு கூடினாலும் ஆகாது, கொறைஞ்சாலும் ஆகாது. ஞாயித்துக்கிழமையும் வந்து ஒரு எட்டுப் பாத்துருவேன்" என்றாள் தேன்மொழி.

போன மழைக்காலத்தில் நான் காய்ச்சலில் கிடந்தேன். அப்போது இவள் போனில்தான் கேட்டாள், கஞ்சி குடிச்சியா என்று. டிக்கெட் விலை எனக்குத் தெரியும், கோபமில்லை. ஆனால் ஒரு கிருமிக்கு ஞாயிற்றுக்கிழமையும் வருவாளாம். "சேலையிலயும் அந்தக் கிருமி உசிரோட இருக்குமா?" என்று கேட்டேன்.

"சேச்சே. எல்லாத்தையும் சூட்டுல கொன்னுட்டு நெறத்தை மட்டுந்தான் பிரிச்சு எடுப்போம்."

கேட்டதும் மனசு கொஞ்சம் ஆறியது என்று எழுதத்தான் வேண்டும்.

அந்த நிறத்துக்கு ஒரு குறை இருக்கிறதாம். தண்ணீரில் கரையாது, வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும். அதற்குத்தான் என் மகள் மண்டையை உடைத்துக்கொள்கிறாள். பிசின் கரைத்த தண்ணீரில் அந்த நிறத்தைப் பொடிப்பொடித் துளியாகக் கலக்கி, ஓர் எந்திரத்துக்குள் கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற மாதிரி பீய்ச்சுகிறார்கள். உள்ளே அனல் காற்று. துளி கீழே வருவதற்குள் ஈரம் போய், மேலே பிசின் ஒரு தோலாகக் காய்ந்து, பொடியாக விழுகிறது. ஒவ்வொரு பொடிக்குள்ளும் நிறம் பத்திரமாக இருக்கும். என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினாள். கோலப்பொடியைவிட மெலிசு. "இந்தத் தோலு இருக்கிற வரைக்கும் வெயிலு நெறத்துக்கிட்ட போகாது ஆத்தா" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த களையை நான் அவளுடைய பரீட்சை முடிவு வந்த நாளில்கூடப் பார்த்ததில்லை.

அதைத் துணியில் ஏற்றிச் சோதிக்கத்தான் சேலைகள். ஒவ்வொன்றிலும் பாதி தோல் போட்ட சாயம், பாதி வெறும் சாயம். சாயம் ஏற்றியபோது ரெண்டும் ஒரே நிறம். கட்டிக்கொள்ள ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, தலைப்பை இன்றைக்கு இந்தப் பக்கம் நாளைக்கு அந்தப் பக்கம் என்று மாற்றிக் கட்டச் சொல்லி, அவர்கள் கொடுக்கிற சோப்பில் மட்டும் துவைக்கச் சொல்லி, கடைசியில் வாங்கி எது எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று எந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

தேன்மொழி இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரோஸ்னா சிரித்துக்கொண்டு வந்து, கோட்டுக்குக் கீழே தொங்கிய என் தங்கச்சி முந்தானையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, விரலை ஆட்டி ஏதோ சொன்னார். தனம் கொசுவத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். தேன்மொழி சிரிக்கவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல ஆத்தா, சேலை நல்லாருக்காம்."

நான் குனிந்து தனத்தின் கையை விலக்கிக் கொசுவத்தைப் பிரித்துப் பார்த்தேன். உள்மடிப்பு வெளுத்து, வாடிய டிசம்பர் பூவாகிக் கிடந்தது. முந்தானைப் பக்கம் மட்டும் அன்றைக்கு முக்கியெடுத்த மாதிரி. மாற்றிக் கட்டச் சொன்னதை விட்டுவிட்டு, வெளுத்த பாதியை உள்ளே மறைத்து, நல்ல பாதியை மேலே போட்டுக்கொண்டு திரிகிறாள்.

"திரும்பி வராத சேலை இதுதானா?" என்று கேட்டேன்.

தனம் என்னை நேராகப் பார்த்தாள். "ஆமாக்கா. நாந்தான் வச்சிருக்கேன். குடுக்க மனசில்ல."

வீட்டுக்கு நாங்கள் ரெண்டு பேர் மட்டும் பஸ்ஸில் திரும்பினோம். ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். நான் ஜன்னலைப் பார்த்தேன், அவள் முன்னால் பார்த்தாள். அந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. இறங்குகிறவர்கள்தான் மணியை அழுத்த வேண்டும். எங்கள் நிறுத்தம் வந்ததை அவளும் பார்த்தாள், வாசலில் இருக்கிற சீனர் கோயிலை வைத்து நானும் கண்டுகொண்டேன். அவள் அழுத்தட்டும் என்று நான் இருந்தேன். அக்கா கேட்கட்டும் என்று அவள் இருந்தாள். பஸ் போய் டெப்போவில் நின்றது. விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிய டிரைவர் எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டார். கீழே இறக்கி உட்கார வைத்து, தன் டப்பாவில் இருந்து இலையில் மடித்த தேங்காய்ப் பலகாரம் ஆளுக்கு ஒன்று கொடுத்து, மலாயில் பேசினார். தனம் அதை வேறு வழியில்லாமல் எனக்குச் சொன்னாள்: "'எங்க வீட்டுலயும் அம்மாவும் பெரியம்மாவும் இருக்காங்க, பேச மாட்டாங்க, அவங்கள என் பஸ்ல ஏத்தவே மாட்டேன்'ங்கிறாரு."

பலகாரம் நன்றாக இருந்தது. உள்ளே வெல்லப்பாகு. எங்கள் ஊர்க் கொழுக்கட்டைக்குக் கொஞ்சம் கீழேதான்.

அடுத்த நாள் முழுக்க மழை. அங்கே மழை நம்ம ஊர் மாதிரி வானத்தைப் பார்க்கவிட்டுப் பெய்வதில்லை, கேட்காமல் கொட்டுகிறது. வீட்டுக்குள் அடைந்து கிடந்து நானும் அவளும் பேசித் தீர்த்தோம்.

"ஒரு துணியைக் குடுத்தா அவ வேலை முடிஞ்சு ஊருக்கு வருவா. அவ வரக்கூடாதுன்னுதானே நீ இறுக்கிப் பிடிச்சிருக்க?"

"அப்படியே வச்சுக்க."

"பெத்தவ நான்."

"யாரு இல்லேன்னது? சேலை எங்கிட்ட இருக்கு, அவ்வளவுதான்."

"சின்னப்பிள்ளையில என் சீட்டிப் பாவாடையையும் இப்படித்தான் புடுங்கிக்கிட்ட."

"அது எனக்கு எடுத்ததுக்கா. நீதான் மொதல்ல போட்டுக்கிட்டு அழுக்காக்குன."

சாயந்தரம் தேன்மொழி வந்ததும் ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு அவளுக்குக் காப்பி போட ஒரே நேரத்தில் எழுந்தோம். அடுப்பு ஒன்றுதான் வேலை செய்தது. தனம் முந்திக்கொண்டாள்.

மறுநாள் வெயில் பளீரென்று வந்தது. தேன்மொழி வேலைக்குப் போனாள். தனம் சேலையைத் துவைத்து, அந்த ஊர் வழக்கப்படி மூங்கில் கம்பில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டு, காய்கறி வாங்கப் பாசார் என்கிற சந்தைக்குப் போனாள். எனக்கு அதுதான் சமயம். கம்பை உள்ளே இழுத்தேன்.

சும்மா எடுத்துப் போய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் இரவல் சேலையை அப்படிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. கல்யாணத்துக்கு ஒருத்தியிடம் சேலை வாங்கிக் கட்டினால், நன்றாக அலசி, சோறு வடித்த கஞ்சியில் முக்கி, மொடமொடவென்று காயவைத்து, தேய்த்து மடித்துத்தான் கொடுப்போம். அப்படிக் கொடுக்காதவள் வீட்டுப் பொம்பளைகளை ஊரே பேசும். அந்த ரோஸ்னா அவ்வளவு பெரிய அதிகாரி. என் மகள் பேரில் போகிற சேலை துவண்டு போய்க் கிடக்கலாமா? தனத்தின் அரிசியை உலையில் போட்டேன். குழைய விட்டு வடித்தேன். சேலையை மறுபடி சோப்புப் போட்டுக் கும்மி அலசி, கஞ்சியில் ஊறவைத்துப் பிழிந்து, நல்ல வெயிலில் நீட்டினேன். காய்ந்ததும் தேய்ப்புப் பெட்டி போட்டு மடித்தேன். தகடு மாதிரி நின்றது. தனம் வந்து பார்த்தாள். காய்கறிப் பையைக் கீழே வைக்காமலே உட்கார்ந்துவிட்டாள்.

தேன்மொழி வந்ததும் மடிப்பை அவள் கையில் வைத்தேன். "இந்தா. திரும்பி வராத சேலை."

அவள் வாங்கிப் பார்த்தாள். விரலால் சுண்டினாள், டப் என்று சத்தம் வந்தது. "என்ன ஆத்தா போட்ட இதுக்கு?"

"கஞ்சிதான்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து சேலையை முகத்தில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ரெண்டும்தான். பிறகு சொன்னாள். கஞ்சி நூலுக்கு மேலே ஒரு படலமாகக் காய்ந்துவிட்டது, எந்திரம் நிறத்தைப் பார்க்காமல் கஞ்சியைத்தான் பார்க்கும். திரும்ப அலசினால் கணக்கில் இல்லாத துவைப்பு இன்னொன்று கூடிவிடும். நான் போட்ட சோப்பும் அவர்கள் சோப்பு இல்லை. அந்தச் சேலை சோதனைக்கு இனி ஆகாது.

ரோஸ்னாவுக்குப் போன் போட்டாள். கொஞ்சநேரம் பேசினாள். அந்தப் பக்கம் பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. வைத்துவிட்டு, "பரவாயில்லையாம். மத்த சேலைங்க போதுமாம், இது ஒண்ணைத் தள்ளிட்டு முடிச்சிரலாம்ங்கிறாங்க. ஒங்க அம்மா கெட்டிக்காரங்க, ஒரே நாள்ல உன் வேலையை முடிச்சுட்டாங்கன்னு சொல்லச் சொன்னாங்க" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. "அப்ப முடிஞ்சுதுல்ல? பொட்டியைக் கட்டு. காலேஜ் தொறக்கிறதுக்குள்ள போயிரலாம்."

அவள் சேலையை மடியில் வைத்துக்கொண்டு மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

தனம்தான் பேசினாள். "சொல்லிரு தேனு. எத்தனை நாளைக்கு நானே கெட்டவளா இருக்கிறது."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சேலையைக் கொடுக்காதே என்று தனத்திடம் சொன்னதே என் மகள்தான். அவளுக்கு ஊருக்கு வர விருப்பமில்லை. தோல் போடுகிற வேலையில் அடுத்து வேறு நிறங்கள் வரப்போகின்றன, சிவப்பு, மஞ்சள், அதற்கும் அவளையே இருக்கச் சொல்கிறார்கள். காலேஜில் போய்ப் பாடப்புத்தகத்தை ஒப்பிக்க அவளுக்கு மனசில்லை. இதை என்னிடம் சொல்லத் தைரியமில்லாமல், ஒரு சேலையைச் சாக்காக வைத்துக் காலேஜ் திறக்கிற நாளைத் தாண்டிவிடலாம் என்று பார்த்திருக்கிறாள். தனம் அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, மழை நாள் முழுக்க என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவள் வரமாட்டேன் என்றது எனக்கு ரெண்டாவதாகத்தான் வலித்தது. முதலில் வலித்தது வேறு. அதை இவளிடம் சொன்னாளே. என்னிடம் சொல்ல முடியாத ஒன்றைத் தனத்திடம் சொன்னாளே.

"எப்ப சொன்ன இவகிட்ட?"

"தை மாசம் ஆத்தா."

தை மாசம். பொங்கலுக்குப் போனில் பால் பொங்குச்சா என்று என்னிடம் சிரித்துப் பேசினாளே, அந்த தை மாசம்.

நான் சாப்பிடவில்லை. தனம் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், நான் தொடவில்லை. தேன்மொழி வந்து வைத்தாள், அதையும் தொடவில்லை, ஆனால் கொஞ்சம் தாமதித்துத்தான் தள்ளினேன்.

காலையில் தேன்மொழி எழுந்திருக்கும் முன்னால் தனம் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள். "எங்கிட்டச் சொல்றது அவளுக்குச் சுலபம்க்கா. நான் கூடாதுன்னா அவ கேட்டுக்கப் போறதில்ல. நீ கூடாதுன்னா அவளால தாங்க முடியாது. அதான் ஒங்கிட்டச் சொல்லல."

இது ஆறுதலா குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆறுதல் என்று எடுத்துக்கொண்டால் அவளுக்கு நான் கடன்பட்டவளாகிவிடுவேன். "காப்பியில சக்கரை பத்தல" என்றேன். அவள் போட்டாள்.

தேன்மொழி எழுந்து வந்ததும் உட்கார வைத்தேன். "என் மொகத்தைப் பாத்துச் சொல்லு. யாரையும் நடுவுல வைக்காம சொல்லு."

"நான் வரல ஆத்தா. இங்கயே இருந்து இதைச் செய்யணும்."

"சரி" என்றேன். சொல்ல வந்தவை எல்லாம் தனத்தின் முன்னால் சொல்லக்கூடியவையாக இல்லை. "ஒரு வேலையை வேணாம்னு சொல்லணும்னா ஒழுங்கா எழுதிச் சொல்லிரு. அவங்க வேற ஆளைப் பாக்கட்டும்."

கிளம்புகிற அன்று தனம் பஸ் நிலையம் வரைக்கும் வந்தாள். அந்த ஊதாச் சேலையைக் கட்டவில்லை, கஞ்சி போட்டது உடம்பை அறுக்கிறதாம். அதை என் பையில் வைக்கப் பார்த்தாள். "ஒங்கிட்டயே இருக்கட்டும், பாதி வெளுத்ததை நான் கொண்டுபோய் என்ன செய்ய" என்றேன். அவள் முகம் சுண்டியது. பஸ் நகர்ந்த பிறகுதான் வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது, எனக்காக இல்லை, அவளிடம் இல்லாமல் இருக்குமே என்று.

விமான நிலையத்துக்குத் தேன்மொழி கூட வந்தாள். இட்லி என்று ஒரு கடையில் வாங்கினோம், கல்லு. ரெண்டு பேரும் பிய்த்துப் பிய்த்து உட்கார்ந்திருந்தோம். உள்ளே போகிற வரிசை நகரத் தொடங்கியது. நான் பையை எடுத்தேன்.

"இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்ட மொதல்ல சொல்லு. திட்டுவேன், அழுவேன், அதெல்லாம் என் பாடு. ஆனா மொதல்ல எனக்குத் தெரியணும்" என்றேன்.

அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொண்ணு இருக்கு ஆத்தா."

"என்ன?"

"ஒருத்தரு இருக்காரு. கல்யாணம் பண்ணிக்கலாம்னு நெனைக்கிறோம்." பிறகு மெதுவாக, "அம்மாவுக்கு... சின்னாத்தாளுக்கு இன்னும் தெரியாது" என்றாள்.

நான் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வரிசையில் போய் நின்றேன். பையை எந்திரத்துக்குள் விட்டேன், செருப்பைக் கழற்றச் சொன்னார்கள் கழற்றினேன், கையைத் தூக்கச் சொன்னார்கள் தூக்கினேன். சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை. சோதனை போடுகிற பெண் ஏதோ கேட்டாள், நல்லா இருக்கீங்களா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். விமானத்தில் இடுப்பு வாரை நானே மாட்டினேன். கோழிச்சோறு கொடுத்தார்கள், முழுசாகச் சாப்பிட்டேன். தனம் இந்நேரம் வீட்டில் தனியாக உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருப்பாள், ஒன்றும் தெரியாமல்.

கடல் கீழே தெரிந்தபோதுதான் உறைத்தது. பையன் யாரு, எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை, என்ன சாதி சனம், ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.